யோக பூமியில் இரண்டு நாட்கள்

சென்ற ஜூன் மாதம் 21-ஆம் தேதி காலையில், நமது பள்ளிக்கூடத்து மைதானத்தில் முந்நூறு குழந்தைகள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அந்நாளைச் சர்வதேச யோக தினமாகக் கொண்டாட வேண்டும் என்று ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை 2014-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் தீர்மானித்ததும், 2015 முதல் அது உலகெங்கும் நடந்து வருவதும் நேயர்கள் அறிந்த விஷயம். அந்தத் தீர்மானத்தை 177 நாடுகள் சேர்ந்து முன்வைத்தன. அடிமை நாடு என்று ஒரு காலத்தில் ஏளனம் செய்யப்பட்ட தேசத்தின் பழஞ்செல்வத்தை உலகமே கை நீட்டி வாங்கிக் கொள்கிறது என்றால் நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது. ஒலிபெருக்கியில் எண்ணிக்கை ஒலிக்க, முந்நூறு முதுகுகள் ஒன்றாக வளைந்து ஒன்றாக நிமிர்ந்தன. கண்ணுக்கு இனிய காட்சிதான்.

ஏழாம் வகுப்புப் படிக்கும் நம் மகள் சக்கராசனத்தில் முதற்பரிசு பெற்று, நற்சாட்சிப் பத்திரத்துடன் வீடு திரும்பினாள். அன்று மாலை உறவினர் சிலர் வந்திருந்தார்கள். அவர்கள் முன்னிலையில் அவள் தன் பாட்டியாரைப் பார்த்து, "ஆச்சி, உனக்கு என்ன யோகம் தெரியும்?" என்று கேட்டாள்.

நம் அன்னையாருக்கு வயது எழுபத்து நான்கு. முழங்கால் வலியினால் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இருவர் கை கொடுக்க வேண்டும். "எனக்கு அதெல்லாம் எங்கே வரும், கண்ணு!" என்றார்.

"அப்படியென்றால் ஆச்சிக்கு யோகமே கிடையாது!" என்று குழந்தை கைகொட்டிச் சிரித்தாள். வந்தவர்களும் சிரித்தார்கள். அன்னையார் மட்டும் சிரிக்கவில்லை.

தமிழில் யோகம் என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டல்லவா? நம் தந்தையார் இளவயதில் காலமானபோது, துக்கம் விசாரிக்க வந்தவர்களில் இரண்டொருவர், "யோகம் இல்லாதவள்" என்று அன்னையாரின் காதில் விழும்படியே சொல்லிவிட்டுப் போனார்கள். அப்போது நமக்கு ஐந்து வயது. தந்தையின் முகம் மங்கலாகத்தான் நினைவிருக்கிறது. அந்தச் சொல் தெளிவாக நினைவிருக்கிறது. நாற்பது வருஷத்துக்குப் பிறகு அதே சொல் பேத்தியின் வாயிலிருந்து வந்தது. குழந்தை அறியாமல் சொன்னது. அதற்காக அவளைக் கோபிப்பதில் நியாயமில்லை. ஆனால் ஒரு கேள்வி நம்மைப் பிடித்துக்கொண்டது. முதுகு வளையாதவர்களுக்கு யோகம் இல்லையா? யோகம் என்று நம் முன்னோர்கள் எதைத்தான் சொன்னார்கள்?

காலாண்டு விடுமுறை வந்தது. புரட்டாசியில் ஆண்டாளைச் சேவிக்க வேண்டும் என்பது அன்னையாரின் நெடுநாள் ஆசை. ஆகவே மூவரும் மூட்டை கட்டிக்கொண்டு, மதுரையில் செங்கோட்டை ரயில் ஏறினோம். கேள்வியும் எங்களுடன் டிக்கெட் இல்லாமல் பிரயாணம் செய்தது.

அறிதுயில்

விருதுநகரையும் சிவகாசியையும் கடந்து ரயில் மேற்கே செல்லச் செல்ல, வானத்தின் ஓரத்தில் நீலக்கோடாகத் தெரிந்த மேற்குத் தொடர்ச்சி மலை மெல்ல மெல்ல உருவம் பெற்றது. அதற்கு முன்னால், பனைகளுக்கும் தென்னைகளுக்கும் மேலே, ஸ்ரீவில்லிபுத்தூரின் பதினொரு நிலைக் கோபுரம் 192 அடி உயரத்தில் எழுந்து நின்றது. தமிழ்நாட்டு அரசாங்கத்தின் முத்திரையில் விளங்குவது இந்தக் கோபுரமே என்று இவ்வூரார் அழுத்தமாகச் சொல்வார்கள். இல்லை, அது மதுரைக் கோபுரமே என்று மதுரையார் அதே அழுத்தத்துடன் சொல்வார்கள். மதுரையில் ரயில் ஏறி வில்லிபுத்தூரில் இறங்கிய நாம் இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லாமல் இருப்பதே உடம்புக்கு நல்லது.

கோபுரம் நிற்பது வடபத்திரசாயி கோயிலில். வடம் என்றால் ஆலமரம். பத்திரம் என்றால் இலை. ஆலிலையில் துயிலும் பெருமான் சந்நிதி மேல்தளத்தில் இருக்கிறது. பேத்தியின் தோளைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கி, அன்னையார் ஏறிச் சேர்ந்தார். ஆதிசேஷன்மேல் பெருமாள் பள்ளி கொண்டிருக்கும் கோலத்தைக் கண்டதும் குழந்தை நம் காதருகில், "அப்பா, சுவாமி தூங்குகிறாரா?" என்றாள்.

தூக்கம்தான்; ஆனால் நம்முடைய தூக்கம் அன்று. வடமொழியில் இதை யோக நித்திரை என்பார்கள். தமிழ்ப் பெரியோர்கள் இதற்கு அறிதுயில் என்று ஒரு சொல் செய்து வைத்திருக்கிறார்கள். அறிந்துகொண்டே துயில்வது! துயில்பவன் அறியமாட்டான், அறிபவன் துயிலமாட்டான். இவ்விரண்டையும் ஒரு நிலையில் பிணைத்தால் அதுதான் யோகம். யோகம் என்ற சொல்லுக்கே பிணைத்தல், பூட்டுதல் என்பதுதான் வேர்ப்பொருள். நுகத்தடியில் மாட்டைப் பூட்டுவதுபோல, கண்டபடி திரியும் மனத்தை ஒன்றில் பூட்டுவது. யோகத்தைத் தேடி வந்த எங்களுக்கு முதலில் காட்சியளித்த யோகி, முதுகை வளைக்காமல் சுகமாகப் படுத்திருந்தார்!

அந்தப் பாம்பணையைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. ஆதிசேஷனே பதஞ்சலி முனிவராக அவதரித்தார் என்பது மரபு. பதஞ்சலி என்றதும் குழந்தையின் முகம் மலர்ந்தது. "எங்கள் யோகப் புத்தகத்தில் அவர் படம் இருக்கிறதே!" என்றாள்.

படம் இருக்கிறது, பாடமும் இருந்தால் நன்றாயிருக்கும். பதஞ்சலியின் யோக சூத்திரங்கள் ஏறக்குறைய 195. அவற்றில் ஆசனத்தைப் பற்றிப் பேசுபவை மூன்றே மூன்று. அவற்றிலும் மயில்போல நில், சக்கரம்போல வளை என்ற பேச்சு இல்லை. அசையாமல், வருத்தமில்லாமல் அமர்ந்திருக்கத் தெரிந்தால் போதும் என்பதே அவர் கேட்பது. சித்தத்தில் ஓயாமல் எழும் அலைகளை அடக்குவதே அவருடைய யோகத்தின் நோக்கம். அதற்கு அவர் எட்டு அங்கங்களை வகுத்தார்: இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி. நம் திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இந்த எட்டையும் முறைப்படி விளக்கியிருக்கிறார். பாரதியார் யோக சூத்திரத்தின் முதற் பகுதியைத் தமிழில் பெயர்த்து விளக்கமும் எழுதினார். ராஜயோகம் என்று இக்காலத்தில் வழங்குவது இந்த எட்டங்க யோகத்தைத்தான். சுவாமி விவேகானந்தர் அப்பெயரிலேயே 1896-இல் ஒரு புத்தகம் வெளியிட்டு, மேல்நாட்டாருக்கு அதை எடுத்துரைத்தார்.

எட்டுப் படியுள்ள ஏணியில் ஆசனம் மூன்றாவது படி. முதற்படியாகிய இயமம் என்னவென்றால், கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிரமசரியம், பிறர் பொருளையும் அதிகப் பொருளையும் ஏலாமை என்ற ஐந்து. இவற்றைத் தாண்டிக் குதித்து மூன்றாம் படியில் நின்று படம் எடுத்துக்கொள்வது சுலபம். நம் பள்ளி மைதானத்தில் நாமும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோமோ என்று வெட்கமாயிருந்தது.

பூத்தொடுத்த யோகம்

வடபத்திரசாயி கோயிலுக்கும் ஆண்டாள் கோயிலுக்கும் நடுவில் இருக்கிறது நந்தவனம். விஷ்ணுசித்தர் என்ற அடியவர் இங்கே பூச்செடி வளர்த்து, நாள்தோறும் மாலை கட்டிப் பெருமாளுக்குச் சாத்தி வந்தார். துளசிச் செடியின் அடியில் அவர் கண்டெடுத்த குழந்தைதான் கோதை. பெருமாளுக்கென்று கட்டிய மாலையை அவள் தான் சூடி அழகு பார்த்ததும், சூடிக்கொடுத்த அம்மாலையையே பெருமாள் விரும்பியதும் தமிழ் வீடுகளில் குழந்தைகளும் அறிந்த கதை. அவள் முகம் பார்த்ததாகச் சொல்லும் கண்ணாடிக் கிணற்றை இன்றும் கோயிலில் காணலாம். திருப்பாவை முப்பதும், நாச்சியார் திருமொழி 143 பாசுரங்களும் அவள் அருளியவை. தந்தையார் பெரியாழ்வார் என்று புகழ் பெற்றார். அவருடைய இயற்பெயரைச் சற்றே கவனியுங்கள்: விஷ்ணுவினிடம் சித்தத்தை வைத்தவர். சித்தத்தை அடக்கப் பதஞ்சலி எட்டுப் படி வைத்தார். இவரோ அதை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் பூப்பறிக்கப் போய்விட்டார். பக்தி யோகம் என்பது இதுதான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆண்டாள் சந்நிதியில் நடை சாத்தியிருந்தார்கள். திறக்க நெடுநேரம் இருந்தது. அன்னையார் வாசலில் கால்படி உதிரிப்பூவும் நாரும் வாங்கிக்கொண்டு, மண்டபத்துத் திண்ணையில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து தொடுக்கத் தொடங்கினார். எங்கள் தெருமுனைப் பிள்ளையாருக்கு அவர் இவ்வாறு பூத்தொடுத்து வருவது தந்தையார் காலமான வருஷத்திலிருந்து. மழை, காய்ச்சல், கல்யாணம், சாவு எதுவும் அதைத் தடுத்ததில்லை. வீட்டில் தினமும் நடக்கும் காரியமாகையால் நாம் யாரும் அதை நின்று பார்த்ததும் இல்லை.

குழந்தைக்குப் பொழுது போகவில்லை. தானும் தொடுப்பதாகச் சொல்லி நாரைக் கையில் எடுத்தாள். நான்கு பூ வைப்பதற்குள் ஒரு குரங்கைப் பார்த்தாள்; ஐந்தாவது பூவுக்குள் பால்கோவாக் கடையைப் பார்த்தாள். முடிச்சு நழுவிப் பூவெல்லாம் மடியில் உதிர்ந்தது. "ஆச்சி, இது எப்படி?" என்று கேட்டாள். பதில் இல்லை. "ஆச்சி!" என்றாள் மறுபடியும். அன்னையாரின் விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. உதடுகள் திருப்பாவையை முணுமுணுத்தன. மண்டபத்தில் யாத்திரிகர் கூட்டமும் குழந்தைகளின் அழுகையும் பலூன் விற்பவனின் ஊதலும் நிறைந்திருந்தன. மூன்றாம் முறை தோளைத் தொட்ட பிறகுதான், "என்ன கண்ணு, கூப்பிட்டாயா?" என்று திரும்பினார்.

குழந்தை சற்று நேரம் பாட்டியின் முகத்தையே பார்த்தாள். பிறகு நம்மிடம் வந்து, "அப்பா, புலன்களை வெளியே போகவிடாமல் உள்ளே திருப்புவது என்று ஐந்தாவது அங்கத்துக்குப் பொருள் சொன்னாயே, அது இதுதானா?" என்றாள்.

"அதுதான்" என்றோம். மேலே பேச நமக்குக் குரல் வரவில்லை.

நடை திறந்தது. ஆண்டாளும் ரங்கமன்னாரும், அருகில் கருடாழ்வாரும் ஒரே கருவறையில் நின்று சேவை சாதித்தார்கள். ஆண்டாளின் இடக்கையில் கிளி. வழிவழியாக இக்கைங்கரியம் செய்பவர்கள் பச்சிலைகளைக் கொண்டும் மாதுளம்பூ அலகு வைத்தும் அந்தக் கிளியைத் தினமும் புதிதாகச் செய்கிறார்கள். மணிக்கணக்கில் கண்ணும் கருத்துமாய்ச் செய்த கிளிக்கு ஆயுள் ஒரே நாள். மறுநாள் வேறு கிளி. தன் கைவேலை நிலைத்திருக்க வேண்டும் என்ற ஆசையையும் விட்ட வேலை அது.

ஆனால் நம் மகள் கற்ற ஆசனங்களைத் தாழ்த்திப் பேசுவது நமது நோக்கமன்று. அவற்றுக்கும் இந்தச் சந்நிதிக்கும் நெருங்கிய உறவு உண்டு. பெரியாழ்வார், ஆண்டாள் முதலியோரின் பாசுரங்களை நாலாயிர திவ்வியப் பிரபந்தமாகத் தொகுத்தவர் நாதமுனிகள். அவர் சிறந்த யோகி என்பது வைணவ மரபு. அவர் வழிவந்தவர் என்று கருதப்பட்ட திருமலை கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989), 1930-களில் மைசூர் அரண்மனையில் யோகசாலை நடத்தினார். பின்னர்ச் சென்னையில் நெடுங்காலம் வாழ்ந்து போதித்தார். நாதமுனிகளின் யோக ரகசியம் என்னும் நூலைத் தாம் ஆழ்வார்திருநகரியில் கனவுபோன்ற ஒரு நிலையில் கேட்டறிந்ததாக அவர் கூறினார். பி. கே. எஸ். ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ், இந்திரா தேவி ஆகியோர் அவருடைய சீடர்கள். இன்று உலகம் முழுவதும் பாய் விரித்துப் பழகும் ஆசனங்களில் பெரும்பகுதி இவர்கள் மூலமாகப் பரவியதுதான். ஆகவே பேத்தி வளைக்கும் முதுகுக்கும் பாட்டி முணுமுணுக்கும் பாசுரத்துக்கும் நாதமுனிகள் என்ற ஒரே மூதாதை.

இன்னொன்றும் சொல்லாமல் இருக்கக்கூடாது. எல்லாவற்றையும் சமமாகக் காண்பதே யோகம் என்று கீதை போதித்த நாட்டில், ஆலய வாசல்கள் மக்களில் ஒரு பகுதியாருக்கு நூற்றாண்டுகளாக மூடிக் கிடந்தன. 1939-இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் நடந்த ஆலயப் பிரவேசமும், சென்னை மாகாணத்தின் 1947-ஆம் வருஷத்துச் சட்டமும் வந்தபிறகே கதவுகள் எல்லாருக்கும் திறந்தன. சூடிக்கொடுத்த மாலையைப் பெருமாள் ஏற்றார். மனிதரை மனிதர் ஏற்கத்தான் இவ்வளவு காலம் ஆயிற்று.

மலையடிவாரத்தில்

இரவை ஸ்ரீவில்லிபுத்தூரில் கழித்தோம். பால்கோவா விஷயத்தில் நம் குடும்பத்தில் யாரும் பிரத்தியாகாரம் பழகவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டத்தை வேண்டாமென்று மறுப்பது தேசபக்திக்கு அழகல்ல என்று சமாதானம் செய்துகொண்டோம்.

மறுநாள் அதிகாலையில் வத்திராயிருப்பு வழியாகத் தாணிப்பாறைக்குப் போனோம். சதுரகிரி மலைக்கு ஏறும் வழி அங்கேதான் தொடங்குகிறது. மேலே சுந்தர மகாலிங்கமும் சந்தன மகாலிங்கமும் கோயில் கொண்டிருக்கிறார்கள். பதினெண் சித்தர்கள் உலவிய மலை என்று தமிழ்நாடு முழுவதும் இதற்குப் பிரசித்தி. முன்பொரு முறை நாம் ஏறியதுண்டு. இம்முறை அன்னையாரின் காலை உத்தேசித்து அடிவாரத்தோடு நின்றோம். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஆயிரக்கணக்கில் ஜனங்கள் திரளும் வழி இது. 2015 மே மாதம் திடீர் வெள்ளத்தில் இங்கே பக்தர்கள் சிலர் உயிரிழந்தார்கள். 2021 முதல் இக்காடு ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. ஏறுவதற்கு நேரமும் விதியும் உண்டு. பைகளைச் சோதித்துக்கொண்டிருந்த வனக்காவலரிடம், "மலையில் சித்தர்கள் இன்னும் இருக்கிறார்களா?" என்று கேட்டாள் குழந்தை. "சித்தரை நான் பார்த்ததில்லை, பாப்பா. ஆனால் புலி இருக்கிறது, அதற்கு நான் பொறுப்பு" என்றார் அவர்.

சித்தர்களின் யோகம் உடம்பை வெறுக்காத யோகம். உடம்பு அழிந்தால் உயிர் முயற்சி செய்ய இடமேது என்பது அவர்கள் வாதம். ஆகவேதான் மூலிகையும் மருந்தும் மூச்சும் அவர்களிடம் ஒரே சாஸ்திரமாயின. மூச்சை வாசி என்றார்கள். வாசியைத் திருப்பிப் போட்டால் சிவா என்று வரும் என்பது அவர்களுடைய சொல்நயம். இடகலை, பிங்கலை என்ற இரு நாடிகளில் ஓடும் மூச்சை நடுநாடியாகிய சுழுமுனையில் செலுத்தி, மூலாதாரம் முதல் ஆக்கினை வரையுள்ள ஆறு ஆதாரங்களைக் கடப்பது வாசியோகம்.

மலைப்பாதையில் கோரக்கர் குகை என்று ஒன்று உண்டு. தமிழ்ச் சித்தராகிய கோரக்கரும், வடநாட்டு நாத யோகிகள் போற்றும் கோரக்நாதரும் ஒருவரே என்பது மரபு. கோரக்நாதர்தான் ஹடயோகத்தின் ஆதி ஆசான்களில் ஒருவர். அந்த நெறியின் முக்கிய நூலாகிய ஹடயோகப் பிரதீபிகையைப் பதினைந்தாம் நூற்றாண்டில் ஸ்வாத்மாராமர் இயற்றினார். அதில் விவரிக்கப்படும் ஆசனங்கள் பதினைந்துதான். அவற்றிலும் பல, உட்காரும் ஆசனங்கள். எஞ்சிய பகுதியெல்லாம் மூச்சையும், முத்திரைகளையும், மனம் ஒடுங்குவதையும் பற்றியவை. மூச்சை அடக்குவது காட்டு யானையைப் பழக்குவது போன்றது, மெல்ல மெல்லத்தான் ஆகும், அவசரப்பட்டால் பழக்குபவனுக்கே ஆபத்து என்று அம்மரபு எச்சரிக்கிறது. படம் பார்த்துக் கும்பகம் செய்யும் அன்பர்கள் இதை நினைவில் வைப்பது நலம்.

அன்னையார் ஒரு பாறையில் அமர்ந்து மலையைப் பார்த்துக் கைகூப்பினார். "ஏற முடியவில்லையே என்று வருத்தமா, ஆச்சி?" என்றாள் பேத்தி. "மலை இங்கே இருப்பது தெரிகிறதே, அது போதாதா?" என்றார்.

இராட்டையின் யோகம்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையம் பன்னிரண்டு கிலோமீட்டர். பழைய கணக்கில் ஏழரை மைல். மலை வலப்புறத்தில் கூடவே வரும். கோயிலூரிலிருந்து ஆலையூருக்கு வந்துவிட்டோம் என்பதைச் சாலையில் செல்லும் பஞ்சு மூட்டை லாரிகள் சொல்லும். நாங்கள் போனது அக்டோபர் 2-ஆம் தேதி, காந்தி ஜயந்தி.

1927-இல் கதர்ப் பிரசாரத்துக்காகத் தமிழ்நாட்டில் சுற்றுப்பயணம் செய்த காந்தியடிகள் இராஜபாளையத்துக்கும் வந்தார். கதர் வேலையில் இவ்வூர் அந்நாளில் பெயர் பெற்றது. காந்தியடிகள் கீதையைக் குஜராத்தியில் பெயர்த்து, அதற்கு அநாசக்தி யோகம், அதாவது பற்றின்மையின் யோகம் என்று பெயரிட்டார். தண்டி யாத்திரை தொடங்கிய 1930 மார்ச்சு மாதத்தில் அது வெளிவந்தது. பதஞ்சலியின் இயமங்கள் ஐந்தும் அவருடைய ஆசிரமத்தின் விரதங்களில் அப்படியே இருக்கின்றன. முனிவர்கள் காட்டில் பழகிய முதற்படியை அவர் கடைத்தெருவிலும் சிறைச்சாலையிலும் பழகச் சொன்னார். நூற்பது அவருக்குத் தொழில் மட்டுமன்று. மனத்தை ஓர் இழையில் பூட்டும் யாகம். கரும யோகம் என்றால் அதுதான்.

இவ்வூரில் 1898-இல் பிறந்தவர் பூ. ச. குமாரசாமி ராஜா. மழலைப் பருவத்திலேயே தாயையும் தந்தையையும் இழந்தவர். காந்தி வழியில் இறங்கிச் சிறை சென்று, 1949 முதல் 1952 வரை சென்னை ராஜ்யத்தின் முதலமைச்சராக இருந்தார். 1952 தேர்தலில் தோற்றார், பதவியை விட்டார். 1954 முதல் 1956 வரை ஒரிஸ்ஸாவின் கவர்னராக இருந்து, 1957-இல் காலமானார். தம்முடைய சொந்த வீட்டைப் பொதுப்பணிக்கென்று கொடுத்துவிட்டார். அதுவே காந்தி கலை மன்றம். வெற்றி தோல்வி இரண்டிலும் நிலைகுலையாமல் இருப்பதைக் கீதை யோகம் என்கிறது. தேர்தலில் தோற்பதும் வீட்டைக் கொடுப்பதும் அதற்கு நல்ல பரீட்சைகள்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அன்னையார், "தாயையும் தகப்பனையும் இழந்த அந்தக் குழந்தையை அந்நாளில் எத்தனை பேர் யோகமில்லாத பிள்ளை என்று சொன்னார்களோ!" என்றார். நாற்பது வருஷத்தில் அந்தச் சொல்லை அவர் தம் வாயால் சொல்லி நாம் கேட்டது அதுவே முதல் தடவை. குழந்தை சட்டென்று தலை குனிந்தாள். ஜூன் மாதத்து மாலையை அவளும் மறக்கவில்லை என்று தெரிந்தது. அன்னையார் ஒன்றும் சொல்லாமல் அவளுடைய தலையைக் கோதிவிட்டார்.

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய கட்டுத்துணி நெய்கிறார்கள். எந்த ஊரில் யாருடைய புண்ணை ஆற்றப் போகிறது என்று அறியாமலே ஒருவர் அத்துணியை நெய்கிறார். இதைக் கரும யோகம் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை. பலனை எதிர்பாராதே என்பது உழைப்பவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டிய உபதேசம். கூலி கொடுப்பவன் அவனுக்குச் சொல்லும் உபதேசமன்று. நியாயமான கூலி கொடுத்த பிறகு வருவதுதான் யோகம். அதற்கு முன் வருவதற்கு வேறு பெயர்.

திரும்பும் வழியில்

மாலை ரயிலில் மதுரைக்குத் திரும்பினோம். கருமம், பக்தி, ராஜயோகம், சித்தர்களின் ஹடயோகம் எல்லாம் பார்த்தாயிற்று. ஞான யோகம் ஒன்றுதான் பாக்கி என்று குழந்தை விரல்விட்டு எண்ணினாள்.

அதற்கும் வெகுதூரம் போக வேண்டியதில்லை. இதே விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழியில் 1879-ஆம் வருஷம் டிசம்பர் 30-ஆம் தேதி வேங்கடராமன் என்ற குழந்தை பிறந்தது. பதினாறாம் வயதில், 1896-இல், மதுரையில் சிற்றப்பா வீட்டு மாடியில் தனியாக இருந்தபோது அச்சிறுவனைத் திடீரென்று மரணபயம் பிடித்தது. அவன் யாரையும் கூப்பிடவில்லை. பிணம்போலக் கைகால்களை நீட்டிப் படுத்தான். இந்த உடம்பு செத்துவிட்டது. சரி, செத்தது நானா? நான் யார்? என்று உள்ளே கேட்டான். சில வாரங்களில் திருவண்ணாமலைக்குப் போய்விட்டான், ரமண மகரிஷியானான்.

"அப்பா, எங்கள் வகுப்பு முடியும்போது சவாசனம் செய்கிறோமே, அதேதானே!" என்றாள் குழந்தை.

"அதேதான். நீங்கள் படுத்துக்கொண்டு மணி எப்போது அடிக்கும் என்று கேட்கிறீர்கள். அவர் நான் யார் என்று கேட்டார். வித்தியாசம் அவ்வளவுதான்" என்றோம்.

யோகம் பலவகை என்று புறப்பட்டோம். இரண்டு நாள் பார்த்ததில் வகைகள் பலவாயினும் காரியம் ஒன்றே என்று தோன்றியது. பூவில், மூச்சில், இராட்டையின் இழையில், கேள்வியில், எதிலாவது மனத்தைப் பூட்டி, "எனது" என்ற பிடியைத் தளர்த்துவது. ஆசனம் அதற்கு நல்ல வாசல். வாசலே வீடு என்று நினைத்து அங்கேயே நின்றுவிடக் கூடாது. அந்த வாசல் வழியாக வராதவர்கள் வீட்டுக்குள் இல்லை என்று சொல்லவும் கூடாது. வருகிற ஜூன் 21-இல் நமது மைதானத்தில் ஒலிபெருக்கியை முடுக்குமுன், குழந்தைகளுக்கு இயமங்கள் ஐந்தையும் சொல்லிவிடுவதென்று தீர்மானித்திருக்கிறோம்.

ஊர் திரும்பிய மறுநாள் காலை கூடத்தில் ஒரு காட்சி கண்டோம். அன்னையார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பேத்தி எதிரே நின்று, மூச்சை மெதுவாக இழுக்கவும் மெதுவாக விடவும் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அது முடிந்ததும் குழந்தை கீழே உட்கார்ந்து நாரை எடுத்தாள். முடிச்சு நழுவாமல் போடும் வகையைப் பாட்டி காட்டிக்கொடுத்தார். அன்று எங்கள் தெருமுனைப் பிள்ளையாருக்குப் போன மாலையில் ஒரு சாண் மட்டும் கோணல்மாணலாக இருந்தது. பிள்ளையார் ஆட்சேபித்ததாகத் தெரியவில்லை.

பிறகு அன்னையார் வழக்கப்படி சுவரில் இருந்த நாட்காட்டியின் பழைய தாளைக் கிழித்தார்.

"இன்றைக்கு என்ன யோகம், ஆச்சி?" என்று கேட்டாள் பேத்தி.

கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்துப் பார்த்த அன்னையார், "சித்த யோகமாம்!" என்று சொல்லி, வாய்விட்டுச் சிரித்தார்.